புல்லட் கார்புரேட்டரும் என் குட்டி டிராக்டரும்

இன்ஜினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுப்பது கார்புரேட்டர். என் குட்டி டிராக்டரில் புல்லட் பைக்கின் கார்புரேட்டரை மாட்டினால் புல்லட் மாதிரியே இழுக்கும் என்று நம்பினவன் நான். நம்பியதோடு நிற்கவில்லை. லேத்துக்காரரிடம் போய், இரண்டையும் இணைக்கும் அடாப்டர் தட்டு கடைந்து வாங்கி, மாட்டி, ஒரு மாதம் போல ஓட்டியும் பார்த்தேன். கடைசியில் ஒரு நாள் தென்னந்தோப்பு நடுவில், காலில் கிடந்த செருப்பைக் கழற்றி இன்ஜின் வாயை அடைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கதைதான் இது. நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பெருக்கல், வகுத்தல், ஒரு வர்க்கமூலம், அவ்வளவுதான்.

எங்கள் தோப்பு பெரியபட்டினம் பக்கம். கடல் கூப்பிடு தூரம். தோப்பு முழுக்க மணல். பெரிய டிராக்டரை உள்ளே விட்டால் தென்னை வேரை அறுத்துவிடும், திரும்பவும் இடம் பத்தாது. அதனால் ஒரு வெல்டரைப் பிடித்து குட்டி டிராக்டர் ஒன்று செய்துகொண்டேன். களை எடுக்கும் பவர் வீடரில் வரும் 212 சிசி பெட்ரோல் இன்ஜின், 7 எச்.பி. என்று ஸ்டிக்கர் ஒட்டியது. பழைய ஆட்டோவின் கியர் பெட்டி, இரண்டுக்கும் நடுவே பெல்ட், பின்னால் 3 கொழு கலப்பை. பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும், ஆனால் களை எடுக்கவும் உரம் போட மண்ணைக் கிளறவும் அது போதும்.

டிராக்டரில் ஏது கார்புரேட்டர் என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் ஊரில் ஓடும் டிராக்டர் ஏறக்குறைய எல்லாம் டீசல், அதற்குப் பம்பும் நாசிலும்தான். அமெரிக்காவில் 1939-இல் வந்த ஃபோர்டு 9என் மாதிரி அந்தக் காலத்து டிராக்டர்கள் பெட்ரோலில், கார்புரேட்டரோடு ஓடின. இங்கே பெட்ரோல் என்றால் என்னுடையது போன்ற குட்டிகளும், பவர் வீடரும், மருந்தடிக்கும் இன்ஜினும்தான்.

முதலில் இருந்த கார்புரேட்டர் செத்ததற்குக் காரணம் என் சோம்பல். ஐப்பசியில் மழை பிடித்ததும் வண்டியைக் கொட்டகையில் தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். டேங்கில் பாதிப் பெட்ரோல் அப்படியே இருந்தது. தை பிறந்ததும் கயிற்றை இழுத்தால் இருமக்கூட இல்லை. அடியில் உள்ள கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி, பெட்ரோல் ஏறும் சின்னத் துளையான பித்தளை ஜெட்டில் பச்சைக் களிம்பு. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், எங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்கும் உப்புக்கும் பஞ்சமே இல்லை. கழுவிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன். கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் நீடில் உட்காரும் இடம் அரித்துப் போயிருந்ததால் பெட்ரோல் வழிந்துகொண்டே இருந்தது.

அதே மாதிரி புதுசு வாங்கினால் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும். ஆனால் மச்சான் வீட்டில் பழைய புல்லட் 350-இன் கார்புரேட்டர் சும்மா கிடந்தது. மிக்கார்ப் என்ற பிராண்டு, வாய் 24 மி.மீ. “இதை மாட்டுங்க மாப்ள, இழுக்கிற இழுப்புல தென்னை மரமே பேந்து வந்திரும்” என்றான். எனக்கும் ஆசை வந்துவிட்டது. வாய் பெரிசாக இருந்தால் காத்து நிறையப் போகும், காத்து நிறையப் போனால் பெட்ரோல் நிறையப் போகும், பெட்ரோல் நிறையப் போனால் சக்தி. இதில் எங்கே தப்பு இருக்க முடியும்?

மாட்டும்போதே இரண்டு விஷயம் இடித்தது. பழைய கார்புரேட்டரில் பட்டர்ஃப்ளை, அதாவது காற்றை விடவும் அடைக்கவும் திரும்பும் ஒரு தகடு. அதோடு, இன்ஜின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னரின் கம்பி சேர்ந்திருக்கும். புல்லட் கார்புரேட்டரில் பட்டர்ஃப்ளை கிடையாது, மேலும் கீழும் போகும் ஸ்லைடு, அதை இழுக்க ஒரு கேபிள். கவர்னர் கம்பியை மாட்ட இடமே இல்லை. சரி போகட்டும் என்று கம்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு கேபிளை ஸ்டியரிங் பக்கம் ஒரு லீவரில் கட்டினேன். இரண்டாவது, பழைய ஏர் ஃபில்டர் பெட்டி அதற்குப் பொருந்தவில்லை. “ரெண்டு நாளில் ஒன்று வாங்கி மாட்டிக்கலாம்” என்று வாயைத் திறந்தே விட்டேன். அந்த இரண்டு நாள் கடைசி வரை வரவே இல்லை.

கயிற்றை இழுத்தேன். ஏழெட்டு இழுப்பு, முழுச் சோக்கு, அப்புறம் பிடித்தது. லீவரை மெல்லத் தூக்கினேன். அடேயப்பா, அந்தச் சத்தம்! வெறுமனே நிறுத்தி ரேஸ் பண்ணும்போது அப்படி ஒரு கம்பீரம். பக்கத்துத் தோப்புக்காரர் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு பெருமையாக நின்றான். இன்ஜினை வெறுமனே ரேஸ் பண்ணிப் பார்த்து கார்புரேட்டருக்கு மார்க் போடக் கூடாது என்று இன்று யார் கேட்டாலும் சொல்வேன். அன்று சொல்ல எனக்கு ஆள் இல்லை.

கலப்பையை இறக்கினேன். கொழு மண்ணில் பதிந்ததும் இன்ஜின் வேகம் குறைந்தது. நான் லீவரை முழுசாகத் தள்ளினேன். ‘பக்’ என்று ஒரு அடைப்பு, நின்றுவிட்டது. மறுபடி கயிறு, மறுபடி சோக்கு, மறுபடி ‘பக்’. லீவரைப் பாதி வரை தூக்கினால் ஏதோ ஊர்ந்தது. முழுசாகத் தூக்கினால் செத்தது. அதிகம் கொடுக்கக் கொடுக்க குறைவாக இழுக்கும் இன்ஜினை அன்றுதான் பார்த்தேன்.

பெட்ரோல் பத்தவில்லை என்று நினைத்து மெயின் ஜெட்டைப் பெரிசாக்கினேன். அடைப்பு கொஞ்சம் குறைந்தது, ஆனால் பிளக் கரி பிடித்து அடுப்புக் கட்டை மாதிரி ஆனது. முன்பு ஒரு லிட்டரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். இப்போது அரை மணி தாண்டவில்லை. பின்னால் கருப்புப் புகை வேறு. அப்படியும் நான் விடவில்லை. லேத்துக்குக் கொடுத்த காசு கண்ணுக்கு முன்னால் நின்றதுதான் காரணம்.

அப்புறம் அந்த நாள். கச்சான் காற்று, அதாவது மேல்காற்று அடிக்கும் காலம். தோப்பில் மணல் பறந்து கண்ணில் விழும். வாய் திறந்து கிடந்த கார்புரேட்டர் அந்த மணலை எத்தனை நாளாகத் தின்றதோ, ஸ்லைடின் பக்கவாட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. லீவரை முக்காலில் வைத்து உழுதுகொண்டிருந்தபோது பெல்ட் கழன்றது. பாரம் போன இன்ஜின் ஒரே தாவலில் கத்த ஆரம்பித்தது. லீவரை இறக்கினேன், கேபிள் தொங்கியதே தவிர ஸ்லைடு இறங்கவில்லை. ஸ்விட்சை அமுக்கினேன், அதன் ஒயர் உப்புக் காற்றில் எப்போதோ அற்றுப் போயிருந்தது. பெட்ரோல் குழாயை அடைத்தேன், ஆனால் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் தீரும் வரை ஓடுமே. கவர்னர் இருந்திருந்தால் அதுவே பிடித்திருக்கும், அதைத்தான் நான் கழற்றிப் போட்டேனே. கடைசியில் செருப்பைக் கழற்றி கார்புரேட்டர் வாயில் வைத்து அழுத்தினேன். செருப்பை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு முக்கலோடு நின்றது. அதற்குப் பிறகு வந்த அமைதியில் கடல் சத்தம் கேட்டது. என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

வால்வைத் தள்ளும் புஷ் ராடு ஒன்று வளைந்திருந்தது. அதோடு போனது என் அதிர்ஷ்டம். இந்தச் சின்ன இன்ஜின்கள் நிமிடத்துக்கு 3600 சுற்றுக்காகச் செய்தவை. அதற்கு மேலே விரட்டினால் கனெக்டிங் ராடு உடைந்து பக்கச் சுவரைப் பெயர்த்துக்கொண்டு வரும், வார்ப்பு ஃப்ளைவீலே சிதறுவதும் உண்டு. நான் உட்காரும் இடத்துக்கும் ஃப்ளைவீலுக்கும் ஒரு முழம்தான் தூரம்.

கீழக்கரையில் ஒரு காக்கா இருக்கிறார். எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வள்ளங்களுக்கு மண்ணெண்ணெய் இன்ஜின் பார்த்தே தலை நரைத்தவர். இன்ஜினைக் குட்டியானையில் ஏற்றி அவரிடம் கொண்டுபோனேன். அடாப்டர் தட்டைப் பார்த்தார், கார்புரேட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “ஏந்தம்பி, புல்லட்டு எத்தனை சுத்துக்கு இழுக்கும்? இது எத்தனை சுத்துக்கு இழுக்கும்?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “அது தெரியாம வாயை மட்டும் அளந்துட்டு வந்துட்டியா?”

வீட்டுக்கு வந்து மின்சார பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். காஸ்ட் அயர்ன் இன்ஜின் வைத்த பழைய புல்லட் 350, 346 சிசி. அது முழுச் சக்தியைக் காட்டுவது 5625 சுற்றில். இரண்டையும் பெருக்கினால் 19,46,250. என் இன்ஜின் 212 சிசி, 3600 சுற்று. பெருக்கினால் 7,63,200. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 2.55. அதாவது புல்லட் குடிக்கும் காற்றில் ஐந்தில் இரண்டு பங்குதான் என் இன்ஜின் குடிக்கிறது. வாயின் பரப்பும் அந்த அளவுக்குக் குறைய வேண்டும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 2.55-க்கு வர்க்கமூலம் எடுத்தேன், ஏறக்குறைய 1.6. 24-ஐ 1.6-ஆல் வகுத்தால் 15 மி.மீ.

நம்பிக்கை வரவில்லை. இன்னொரு வண்டியை வைத்தும் போட்டேன். யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், 98 சிசி, 7500 சுற்று, 20 மி.மீ. கார்புரேட்டர். அது டூ ஸ்ட்ரோக். என் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை மூச்சு இழுக்கும், டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றுக்கும் இழுக்கும். அதனால் இரண்டால் பெருக்க வேண்டும்: 98 × 7500 × 2 = 14,70,000. என்னுடையதால் வகுத்தால் 1.93, வர்க்கமூலம் 1.39. 20-ஐ வகுத்தால் 14.4.

செத்துப்போன பழைய கார்புரேட்டரைத் தேடி எடுத்தேன். வெர்னியர் அளவுகோல் உள்ளே குறுகிய இடம் வரை போகாது. டிரில் பிட்டின் பின்பக்கத்தை வைத்துப் பார்த்தேன், அதுதான் நல்ல வழி. 14 மி.மீ. பிட் நுழைந்தது. 15 விளிம்பில் நின்றது. அதைச் செய்தவன் முட்டாள் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பட்டர்ஃப்ளை கார்புரேட்டரில் மூன்று அளவு இருக்கும்: காற்று நுழையும் அகல வாய், நடுவில் குறுகிய கழுத்து, இன்ஜின் பக்கம் பட்டர்ஃப்ளை உட்காரும் துளை. கடைக்காரர் இதில் எந்த எண்ணையாவது சொல்லுவார், பெரும்பாலும் பெரிசான எண்ணை. கணக்குக்கு வேண்டியது கழுத்து மட்டும். ஸ்லைடு வகையில் ஸ்லைடு முழுசாக மேலே போய்விட்டால் கழுத்து என்று தனியாகப் பெரிதாக ஒன்றும் இல்லை, 24 என்றால் கிட்டத்தட்ட 24 முழுக்கத் திறந்து கிடக்கும்.

கழுத்து ஏன் குறுகியிருக்க வேண்டும்? ஆத்தா விறகடுப்பு ஊதின காலம் ஞாபகம் வருகிறது. ஊதாங்குழலில் ஊதினால் கங்கு சிவக்கும். அதே மூச்சை ஒரு பெரிய பிவிசி குழாயில் ஊதிப் பாருங்கள், சாம்பல்கூட அசையாது. மூச்சு ஒன்றுதான், வேகம்தான் வேறு. கார்புரேட்டருக்குள் காற்று கழுத்தில் வேகமாகப் போகும்போது அந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை ஜெட் வழியாக மேலே தூக்குவது அந்த அழுத்தக் குறைவுதான், வேறு மோட்டாரோ பம்போ கிடையாது. 15-ஐ 24 ஆக்கினால் பரப்பு 2.56 மடங்காகிறது, அதே இன்ஜின் இழுக்கும் காற்றின் வேகம் அந்த அளவுக்குக் குறைகிறது. பெட்ரோலைத் தூக்கும் இழுப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக அது ஆறரை மடங்கு குறைகிறது. இதற்கு மேல் கொழு பதிந்து 3600 சுற்று 1800 ஆகிவிட்டால் அதிலும் கால் பங்குதான் மிஞ்சும். பெட்ரோல் எப்படி ஏறும்?

பாதி லீவரில் ஓடி முழு லீவரில் செத்த மர்மமும் இதில்தான் விடுபட்டது. ஸ்லைடு பாதி இறங்கியிருக்கும்போது அதுவே கழுத்தைக் குறுக்கிவிடுகிறது, காற்றுக்கு வேகம் வருகிறது. முழுசாகத் திறந்ததும் கழுத்து காணாமல் போகிறது. புல்லட்டில் இது தெரியாது. ஓட்டுபவன் மணிக்கட்டால் இன்ஜினின் மனசறிந்து திருகுகிறான். என் லீவருக்கு மனசு கிடையாது, தள்ளின இடத்தில் நிற்கும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். ஒரு நண்பர், “மாருதி 800-க்கு 796 சிசி, ஒரே கார்புரேட்டர். மூணு சிலிண்டரால வகுத்தா ஒன்றுக்கு 265 சிசி. அப்போ அந்த வாயோட பரப்பையும் மூணால வகுத்துக்கோயேன்” என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே மூன்று சிலிண்டரும் முறை வைத்து ஒருவர் பின் ஒருவராக அதே வாயில் இழுக்கிறார்கள். ஒற்றைச் சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக்கில் ஒன்றில் மட்டும் மொத்தமாக இழுத்துவிட்டு மற்ற மூன்றிலும் சும்மா இருக்கும். அந்த ஒரு இழுப்புக்கு வாய் போதுமானதாக இருக்க வேண்டும். பரப்பை மூன்றால் வகுத்தால் மூச்சு முட்டும். ஒற்றைச் சிலிண்டரை ஒற்றைச் சிலிண்டரோடு ஒப்பிட்டால்தான் கணக்கு நிற்கும். கார் கார்புரேட்டர்களுக்கு எழுதிய சூத்திரங்களையும் இதில் நுழைக்கக் கூடாது.

புது கார்புரேட்டர் வாங்கப் போனேன். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் ஒரு பெட்டியைத் தூக்கிக் கொடுத்து, “எல்லா வீடருக்கும் இதுதான் சார்” என்றார்கள். போல்ட் துளை பொருந்தியது, கவர்னர் கம்பியும் பொருந்தியது. ஓட்டினால் பாரம் ஏறும்போது சைலன்சரில் பட் பட்டென்று வெடித்தது, பிளக் வெள்ளையாக இருந்தது, பெட்ரோல் பத்தவில்லை என்பதற்கு அடையாளம். விசாரித்தால் அது 163 சிசி இன்ஜினுக்கான ஜெட்டோடு வந்தது. ஹோண்டா ஜிஎக்ஸ் 160-உம் ஜிஎக்ஸ் 200-உம் வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், 68 மி.மீ. போர் இரண்டுக்கும் ஒன்றுதான். ஸ்ட்ரோக் 45, 54 என்று மாறி 163 சிசி, 196 சிசி ஆகிறது. அதைப் பார்த்துச் செய்த நகல் இன்ஜின்களுக்கும், என் 212 சிசி உட்பட, கார்புரேட்டர் ஒரே மாதிரிதான் தெரியும். பெட்டியில் எழுதியதை நம்பாமல் கழுத்தையும் ஜெட்டையும் அளந்து வாங்க வேண்டியிருக்கிறது. இப்போது கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் 13, 14, 15, 16 என்று நாலு டிரில் பிட் வைத்திருக்கிறேன். கடைக்காரர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

ஜெட்டைப் பற்றி. நான் வாங்கியதில் எண் துளையின் விட்டம்: 70 என்றால் 0.70 மி.மீ. எல்லா கம்பெனி எண்ணும் அப்படி இல்லை, அதனால் ஒரு கம்பெனி எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள். 70-இலிருந்து 72 போனால் துளையின் பரப்பு கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடுகிறது. கேட்கச் சின்னது, ஆனால் இன்ஜினுக்கு நன்றாகத் தெரியும். எத்தனால் விவகாரமும் இங்கேதான் வருகிறது. சுத்தப் பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் கலந்தால் 13.5 பக்கம் வந்துவிடும். சென்சார் வைத்த வண்டி தானே சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பழைய பெட்ரோலுக்கு அளந்த ஜெட்டில் இன்றைய பெட்ரோல் போட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து மெலிந்துவிடுகிறது. என் இன்ஜின் ஒரு நம்பர் மேலே போன பிறகுதான் நிதானத்துக்கு வந்தது. கம்பியை விட்டு ஜெட்டைக் குடையும் பழக்கம் எனக்கும் இருந்தது. இரண்டு முறை எஃகுக் கம்பி விட்டால் 70 தானாகவே 72 ஆகிவிடும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. பழைய ஒயரில் ஒரு செம்பு இழையை உருவி அதால் அடைப்பை எடுங்கள், போதும்.

சரியான கார்புரேட்டர் மாட்டிய பிறகும் ஐடிலில், அதாவது பாரமில்லாமல் மெதுவாக ஓடும்போது, இன்ஜின் வேகம் ஊஞ்சல் ஆடியது. ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். மறுபடியும் அளவு தப்போ என்று வயிறு கலங்கியது. காக்காவிடம் போனில் சொன்னேன். “பேக்கிங்ல கொஞ்சம் கிரீஸ் தடவிப் பாரு” என்றார். இன்ஜின் ஓடும்போதே கார்புரேட்டரும் தலையும் சேரும் இடத்தைச் சுற்றி விரலால் கிரீஸ் தடவினேன். ஊஞ்சல் நின்றது. புல்லட் தட்டுக்காக நான் போல்ட்டை இறுக்கிய இறுக்கில் அந்தக் கறுப்பு இன்சுலேட்டர் லேசாக வளைந்து, ஓரமாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஓட்டைக் காற்றும், ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் அடைப்பும், வாய் பெரிசானதும் வெளியே காட்டும் குணம் ஏறக்குறைய ஒன்றுதான். அளவை மாற்றும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுவது காசுக்கு நல்லது.

சுற்றைக் காதால் அளக்கும் வேலையையும் விட்டேன். பிளக் ஒயரில் சுற்றிக்கொள்ளும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாட்டிய அன்று 7200 காட்டியது. பதறிப்போய் ஆஃப் பண்ணினேன். இந்த வகை இன்ஜினில் மேக்னட் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி விடுகிறது, ஒன்று வேலைக்கு, ஒன்று வீணுக்கு. மீட்டரோ இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்ற கணக்கில் இருந்தது. செட்டிங்கை மாற்றியதும் 3600 என்று ஒழுங்காகச் சொன்னது. கவர்னர் வேலை செய்வதை அந்த மீட்டரில் பார்ப்பது தனி சுகம். உள்ளே இருக்கும் எடைக்கட்டிகள் வேகம் கூடினால் விரிந்து பட்டர்ஃப்ளையை மூடும், ஸ்பிரிங் திறக்கப் பார்க்கும். நாம் தள்ளும் லீவர் ஸ்பிரிங்கைத்தான் இழுக்கிறது, பட்டர்ஃப்ளையை இல்லை. கொழு பதிந்ததும் 3550-இலிருந்து 3300 ஆகி அங்கேயே நிற்கிறது. பட்டர்ஃப்ளை தானே திறந்துகொள்வது கண்ணுக்குத் தெரியும். இதைக் கழற்றிப் போட்டவன் நான் என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

டியூனிங் முடிந்தது என்று நினைத்த பிறகு ஒரு முறை வண்டியைக் குட்டியானையில் ஏற்றி ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் மாமனார் ஊருக்குக் கொண்டுபோனேன். முண்டு மிளகாய்க் காடு, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மிளகாய். மண் கனமான களி. எங்கள் மணலில் இன்ஜினுக்கு உண்மையான பாரமே ஏறியதில்லை என்று அங்கேதான் தெரிந்தது. இரண்டு சால் ஓட்டியதும் இழுவை குறைந்து சூடு ஏறியது. பிளக்கைக் கழற்றினால் வெள்ளை. மணலில் காப்பிப்பொடி நிறத்தில் இருந்த அதே பிளக்தான். மெயின் ஜெட் முழுசாக வேலை செய்வது முழுப் பாரத்தில்தான், வீட்டு வாசலில் ஓட்டிப் பார்த்துப் பிளக் நிறம் சொல்வதில் அர்த்தமில்லை. இருப்பதிலேயே கெட்டியான மண்ணில் பத்து நிமிடம் ஓட்டி, ஐடிலில் விடாமல் அப்படியே ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அங்கேயே இன்னொரு நம்பர் ஏற்றினேன்.

எதிர்ப்பக்கக் கதையும் ஒன்று உண்டு. தங்கச்சிமடத்தில் என் சித்தப்பா மகன் மல்லிகை நாற்றுப் பதியம் போடுகிறான். அவனும் 7 எச்.பி. இன்ஜின் வைத்திருக்கிறான், தண்ணீர் இறைக்க. அதில் 1.5 எச்.பி. பம்புசெட்டின் சின்ன கார்புரேட்டரை எப்படியோ பொருத்தி வைத்திருக்கிறான். ஒரே இழுப்பில் ஸ்டார்ட், ஐடில் கடிகாரம் மாதிரி. 2500 சுற்றுக்கு மேலே பாரத்தோடு போகாது. “எனக்கு இவ்வளவு தண்ணி போதும்ண்ணே” என்கிறான். அவனைத் திருத்த எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சின்னதாகப் போனால் சக்திதான் குறைகிறது. பெரிசாகப் போனால் வேலையே நடக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் சந்தேகம் வந்தால் நான் சின்ன பக்கம்தான் சாய்வேன்.

உப்புக் காற்றுக்கு மருந்து காக்கா சொன்னதுதான். வள்ளத்துக்காரர்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள், கரை வரும்போது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி நிறுத்துவார்கள். கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கிவிட்டால் மறுநாள் குளிர்ந்த இன்ஜின் பிடிக்காது. கிண்ணத்தில் எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்பதில் அவர்களுக்கு எப்போதும் ஒரு கண். நானும் இப்போது ஸ்விட்சை அணைத்து நிறுத்துவதில்லை. பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, தானாக நிற்கும் வரை ஓடவிடுகிறேன். மழைக்கு வண்டியை ஒதுக்கும் முன் டேங்கை வடித்து, கிண்ணத்தின் அடி போல்ட்டையும் கழற்றி மிச்சத்தை வடித்துவிடுகிறேன். வடித்ததைக் கண்ணாடி பாட்டிலில் ஒரு ராத்திரி வைத்தால் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்பது தெரியும், தெரிந்தால் அந்தப் பெட்ரோலை மறுபடி ஊற்றுவதில்லை. ஸ்விட்ச் ஒயரின் முனைகளில் வருஷத்துக்கு ஒரு முறை கிரீஸ். ஏர் ஃபில்டரின் நுரைப் பஞ்சை எண்ணெயில் நனைத்துப் பிழிந்து போட்டால் கச்சான் மணல் அதில் ஒட்டிக்கொள்கிறது. வாரம் ஒரு முறை கழுவினால் வாளித் தண்ணீர் கறுப்பாகிறது. அந்த மணல் முன்பெல்லாம் எங்கே போயிருக்கும் என்று நான் யோசிப்பதில்லை.

புல்லட் கார்புரேட்டரைக் கழுவி, எண்ணெய் தடவி மச்சானிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கூடவே அந்த அடாப்டர் தட்டையும். போன வாரம் பனைக்குளத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். மருந்தடிக்கிற இன்ஜினுக்கு மாட்டப் போகிறாராம், தட்டும் தயாராக இருக்கிறது என்று மச்சான் சொன்னானாம். “மாட்டினா நல்லா இழுக்குமாண்ணே?” என்று கேட்டார். உங்கள் இன்ஜின் எத்தனை சிசி, எத்தனை சுற்று என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.